முதலில் கணிப்பு, அப்புறம்தான் மவுஸ்

அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் கணக்கு ஆசிரியையாக இருக்கிறேன். ஒன்பதுக்கும் பத்துக்கும் கணக்கு. சில வருடங்களாக ஏழாம் வகுப்புக்கு அறிவியலும் சேர்த்து எடுக்கிறேன். எங்களிடம் இருப்பவை ஒரு புரொஜெக்டர், ஹைடெக் லேபில் சில கணினிகள், மழை வந்தால் போய்விடும் இணையம், அப்புறம் என் கைப்பேசி. இவ்வளவை வைத்துக்கொண்டு பிள்ளைகளை யோசிக்க வைக்க முடியுமா என்று கேட்கும் சக ஆசிரியர்களுக்காக, என் வகுப்பில் பலித்ததை எழுதுகிறேன்.

2018-19 கல்வியாண்டில் 1, 6, 9, 11 வகுப்புகளுக்குப் புதிய பாடப்புத்தகங்கள் வந்தன. பாடத்துக்குப் பாடம் க்யூஆர் குறியீடு, கணக்குப் புத்தகத்தில் ‘இணையச் செயல்பாடு’ என்று தனிப் பகுதி. குறியீட்டை ஸ்கேன் செய்தால் வீடியோ ஓடும். நல்ல வீடியோக்கள்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் வீடியோ முடிந்ததும் “புரிஞ்சுதா?” என்று கேட்டால் மொத்த வகுப்பும் ஒரே குரலில் “புரிஞ்சுது மிஸ்” என்கிறது. அதே விஷயத்தைக் கொஞ்சம் திருப்பிக் கேட்டால் ஒருவரும் வாய் திறப்பதில்லை. காரணம் எளிது. திரையில் எல்லாம் தானாக நடந்து முடிந்துவிட்டது. பார்த்துக்கொண்டிருந்த பிள்ளை எதையும் தானாகத் தீர்மானிக்க வேண்டிய நிலை வரவே இல்லை.

அதனால் என் வகுப்பில் ஒரு சட்டம் உண்டு. திரை எதையாவது காட்டுவதற்கு முன்னால், அது என்ன காட்டப்போகிறது என்று ஒவ்வொரு பிள்ளையும் தன் நோட்டில் எழுதியிருக்க வேண்டும். ஏன் அப்படி நினைக்கிறேன் என்பதையும் ஒரு வரி எழுத வேண்டும். எல்லோரும் எழுதி முடிக்கும்வரை மவுஸைத் தொடமாட்டேன். இது நான் கண்டுபிடித்த முறை இல்லை. கணி, கவனி, விளக்கு என்ற இந்த முறையை ஆஸ்திரேலியாவில் மோனாஷ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் வைட், ரிச்சர்ட் கன்ஸ்டன் இருவரும் 1992 வாக்கிலேயே விரிவாக எழுதிவிட்டார்கள். அவர்கள் ஆய்வகச் சோதனைகளுக்குச் சொன்னது கணினித் திரைக்கும் அப்படியே பொருந்துகிறது. திரைக்குத்தான் இன்னும் அதிகம் தேவை என்றுகூடச் சொல்வேன், ஏனென்றால் திரை பதிலைச் சீக்கிரம் சொல்லிவிடும்.

நோட்டில் நடப்பவை

ஒரு பக்கத்தை மூன்று பத்தியாகப் பிரித்துக்கொள்கிறோம்: என் கணிப்பு, நான் பார்த்தது, ஏன் அப்படி. கேட்க எளிதாக இருக்கும். நடைமுறையில் சில சிக்கல்கள் வரும், அவற்றைச் சொல்லியாக வேண்டும்.

கணிப்பு தவறிவிட்டது என்று தெரிந்த அடுத்த நொடி ரப்பர் வெளியே வரும். அதனால் கணிப்பைப் பேனாவால்தான் எழுத வேண்டும் என்று வைத்தேன். அப்புறம், கணிப்பு சரியா தவறா என்பதற்கு மதிப்பெண் கிடையாது. மூன்றாம் பத்தியில் இருக்கும் காரணத்துக்குத்தான் மதிப்பெண். “தப்பாக் கணிச்சவங்களுக்குத்தான் மூணாவது பத்தியில எழுத நிறைய விஷயம் இருக்கும்” என்று அடிக்கடி சொல்வேன். இதை அவர்கள் நம்புவதற்கு மாதக்கணக்கில் ஆகும். ஒன்றாம் வகுப்பிலிருந்து தப்பு என்றால் சிவப்பு மை என்று பழகிய பிள்ளைகள் அவர்கள்.

இன்னொரு சிக்கல் வகுப்பின் முதல் மாணவி. அவள் நோட்டில் என்ன இருக்கிறதோ அதுதான் சுற்றியிருக்கும் நான்கு பெஞ்சிலும் இருக்கும். அவளை வேறு இடத்தில் உட்கார வைத்துப் பயனில்லை, எட்டிப் பார்த்துவிடுவார்கள். நான் செய்வது இதுதான்: கணிப்பை எழுதி முடித்ததும் பக்கத்தை மடித்துவிட வேண்டும், கை தூக்கிச் சொல்லும் நேரத்தில் முதல் மாணவி கடைசியாகத்தான் பேசுவாள். அவளிடம் தனியாகக் காரணத்தைச் சொல்லிவிட்டேன். அவளும் ஒத்துக்கொண்டாள். அவள் பேசாமல் இருக்கும் அந்தப் பத்து நிமிடத்தில் வேறு குரல்கள் கேட்கத் தொடங்குகின்றன.

ஜியோஜீப்ரா: இழுத்துப் பார்த்தால் தெரியும்

ஆஸ்திரியாவில் சால்ஸ்பர்க் பல்கலைக்கழக மாணவராக இருந்தபோது மார்க்குஸ் ஹோஹன்வார்ட்டர் உருவாக்கத் தொடங்கிய, வடிவியல் உருவங்களைத் திரையில் வரைந்து இழுத்துப் பார்க்க உதவும் மென்பொருள் ஜியோஜீப்ரா. இலவசம், கணினியில் ஒருமுறை நிறுவிவிட்டால் இணையம் வேண்டாம். நம் பாடப்புத்தகத்தின் இணையச் செயல்பாடுகளில் பல இதில் செய்யப்பட்டவைதான். ஆனால் அவற்றில் உருவம் முன்கூட்டியே வரைந்து வைக்கப்பட்டிருக்கும், பிள்ளை ஸ்லைடரை நகர்த்தினால் போதும். நான் பெரும்பாலும் வெற்றுத் திரையிலிருந்தே தொடங்குகிறேன்.

ஒன்பதாம் வகுப்புக்கு முதல் வேலை: “இழுத்தாலும் உடையாத சதுரம் ஒன்று வரைந்து காட்டுங்க.” இருவர் இருவராக உட்காருவார்கள். கட்டங்களைப் பார்த்து நான்கு புள்ளி வைத்து இணைத்து, “முடிச்சிட்டோம் மிஸ்” என்று முதல் நிமிடத்திலேயே ஒரு ஜோடி எழுந்துவிடும். போய் ஒரு மூலையைப் பிடித்து இழுப்பேன். சதுரம் கோணிக்கொண்டு ஏதோ ஒரு நாற்கரமாகிவிடும். “இது சதுரம் மாதிரி இருந்துச்சு, சதுரமா இல்ல” என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். அடுத்து நடப்பதைப் பார்க்க வேண்டும். நான்கு பக்கமும் சமம் என்று எழுதிப் பார்ப்பார்கள், இழுத்தால் சாய்சதுரமாகும். கோணம் 90 என்று அளந்து வைப்பார்கள், இழுத்தால் அளவு மாறும். அளப்பது வேறு, அப்படித்தான் இருந்தாக வேண்டும் என்று கட்டி வைப்பது வேறு என்பது அப்போதுதான் உறைக்கும். ஒரு கோட்டுத்துண்டு, அதன் முனையில் ஒரு செங்குத்துக்கோடு, அந்த முனையை மையமாக வைத்து மறு முனை வழியாக ஒரு வட்டம், வெட்டும் இடத்தில் மூன்றாம் மூலை. இந்த வழியை நான் கரும்பலகையில் எழுதிப் போட்டால் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். ஒரு பீரியட் முழுக்கப் போராடிக் கண்டுபிடித்த பிள்ளைக்குச் சதுரத்தின் வரையறை மறக்காது.

பத்தாம் வகுப்பில் தேல்ஸ் தேற்றமும் (முக்கோணத்தின் ஒரு பக்கத்துக்கு இணையான கோடு மற்ற இரு பக்கங்களையும் ஒரே விகிதத்தில் பிரிக்கும் என்பது) அதன் மறுதலையும் முடிந்த கையோடு இன்னொன்று செய்கிறேன். ஏதாவது ஒரு நாற்கரம், எப்படி வேண்டுமானாலும் கோணல்மாணலாக. அதன் நான்கு பக்கங்களின் நடுப்புள்ளிகளை வரிசையாக இணைத்தால் என்ன உருவம் வரும்? நோட்டில் எழுதச் சொல்வேன். “எதுவும் ஒழுங்கா வராது மிஸ்” என்பது பெரும்பான்மைக் கட்சி. “அதே நாற்கரம் சின்னதா வரும்” என்று ஒரு கூட்டம். ஓரிருவர் சதுரம் என்பார்கள்.

திரையில் இணைகரம் வருகிறது. நம்பமாட்டார்கள். “நீங்க அப்படி வரைஞ்சிருக்கீங்க” என்று ஒருவன் சொன்னான். வந்து நீயே இழுத்துப் பார் என்றேன். இழுத்தான். நாற்கரத்தை எவ்வளவு நசுக்கினாலும் உள்ளே இணைகரம் அப்படியே இருந்தது. ஒரு மூலையை உள்பக்கமாகத் தள்ளி அம்பு முனை மாதிரி ஆக்கினான். அப்போதும் இணைகரம்தான். வகுப்பே எழுந்து நின்று பார்த்தது. பிரெஞ்சு கணிதவியலாளர் பியர் வாரின்யோன் கண்டது இது. அவர் இறந்தபின் 1731இல் அச்சானது.

பல ஆசிரியர்கள் இந்த இடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். எனக்குப் பாடம் தொடங்குவதே இங்கேதான். எத்தனை முறை இழுத்துப் பார்த்தாலும், இது எப்போதும் இப்படித்தான் வரும் என்பதற்கு அது நிரூபணம் ஆகாது. ஏன் வருகிறது என்றும் திரை சொல்லாது. கணினியை அணைத்துவிடுவேன். நோட்டில் ஒரு நாற்கரம், ஒரு மூலைவிட்டம். “இந்த மூலைவிட்டம் வந்ததும் உங்களுக்குத் தெரிஞ்ச எது ஞாபகம் வருது?” இரண்டு முக்கோணங்கள் தெரியும். இரண்டு பக்கங்களின் நடுப்புள்ளிகளை இணைக்கும் கோடு மூன்றாம் பக்கத்துக்கு இணை, அதில் பாதி. அப்படியானால் எதிரெதிர்க் கோடுகள் இரண்டும் அதே மூலைவிட்டத்துக்கு இணை, இரண்டும் அதில் பாதி. யாராவது ஒரு பிள்ளை “ஆ!” என்று சத்தம் போடும். அந்தப் பிள்ளைதான் பலகைக்கு வந்து எழுத வேண்டும்.

அடுத்த கேள்வியைத் தலைகீழாகக் கேட்கிறேன். உள்ளே செவ்வகம் வர வேண்டுமானால் வெளியே என்ன நாற்கரம் வேண்டும்? சாய்சதுரம் வேண்டுமானால்? இதற்கு ஜியோஜீப்ராவை மறுபடி திறக்கலாம், ஆனால் முதலில் கணிப்பு. மூலைவிட்டங்கள் செங்குத்தாக வெட்டினால் உள்ளே செவ்வகம், அவை சம நீளமானால் சாய்சதுரம் என்ற இடத்துக்கு அவர்களே வந்து சேர்கிறார்கள். புத்தகத்தில் இருக்கும் கேள்வி ‘நிரூபி’ என்று கேட்கும். ‘இது வர என்ன வேண்டும்?’ என்ற கேள்விக்கு அதே பாடத்தைப் பின்னாலிருந்து நடந்து வர வேண்டியிருக்கிறது. பிள்ளைகள் யோசிக்கிறார்களா என்பது எனக்குத் தெரிவது இந்த மாதிரிக் கேள்விகளில்தான்.

பல்பு பாடம்

அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002இல் தொடங்கிய திட்டம் ஃபெட். அறிவியல், கணிதச் சிமுலேஷன்கள், அதாவது திரையிலேயே மாற்றி மாற்றிச் செய்து பார்க்கும் மாதிரிச் சோதனைகள், அதில் நிறைய இருக்கின்றன, பலவற்றுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் உண்டு. ஒவ்வொன்றையும் தனித்தனிக் கோப்பாக இறக்கிப் பென் டிரைவில் வைத்துக்கொள்ளலாம், இணையம் இல்லாமலே பிரவுசரில் ஓடும். இதைத் தெரிந்துகொண்ட பிறகு இணையத்தை நம்பிப் பாடம் திட்டமிடுவதையே விட்டுவிட்டேன்.

ஏழாம் வகுப்பில் மின்சுற்றுப் பாடத்துக்கு அதிலுள்ள மின்சுற்று அமைக்கும் சிமுலேஷனை எடுக்கிறேன். ஒரு மின்கலம், தொடர் இணைப்பில் ஒரே மாதிரியான இரண்டு பல்பு. எது பிரகாசமாக எரியும்? பெரும்பாலான பிள்ளைகள், மின்கலத்திலிருந்து மின்சாரம் முதலில் போய்ச் சேரும் பல்பு என்கிறார்கள். காரணமும் தெளிவாக எழுதுவார்கள்: “முதல் பல்பு கரண்ட்டை எடுத்துக்கும், மீதிதான் அடுத்ததுக்குப் போகும்.” இது சோம்பேறித்தனமான பதில் இல்லை. தண்ணீர்க் குழாயில், ரேஷன் கடை வரிசையில் தினமும் பார்க்கிற அனுபவத்திலிருந்து வருகிற, யோசித்துச் சொன்ன பதில். அதனால்தான் “தப்பு, இரண்டும் ஒரே மாதிரி எரியும்” என்று சொன்னால் அந்த நம்பிக்கை போகாது. தேர்வில் சரியாக எழுதிவிட்டு மனத்தில் பழையதையே வைத்திருப்பார்கள்.

சிமுலேஷனில் இரண்டும் ஒரே மாதிரி எரிந்தன. மின்னோட்டத்தை அளக்கும் அம்மீட்டரை முதல் பல்புக்கு முன்னால், இரண்டுக்கும் நடுவில், பின்னால் என்று வைத்துப் பார்த்தோம். மூன்று இடத்திலும் ஒரே அளவு. கொஞ்ச நேரம் மௌனம். அப்புறம் ஒரு பையன், “கம்ப்யூட்டர்ல அப்படிப் போட்டு வச்சிருப்பாங்க மிஸ். நெசமாப் பாக்கணும்” என்றான். அந்த வருடம் எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த மறுமொழி அதுதான். கணினி சொல்வதால் நம்பிவிடக் கூடாது என்று பாடம் நடத்தாமலே அவனுக்குத் தோன்றியிருக்கிறது.

மறுநாள் டார்ச் செல், டார்ச் பல்பு, ஒயர் எல்லாம் கொண்டுபோனேன். தொடராக இணைத்தோம். ஒரு பல்பு மற்றதைவிடப் பளிச்சென்று எரிந்தது! “பாத்தீங்களா!” என்று பாதி வகுப்பு ஆர்ப்பரித்தது. பிரகாசமாக எரிந்தது அவர்கள் சொன்ன அந்த முதல் பல்பேதான். “கரண்ட் தீர்ந்துபோனதாலதான் இப்படின்னு எப்படிச் சொல்றீங்க? வேற காரணம் எதுவும் இருக்க முடியாதா?” என்று மட்டும் கேட்டேன். பல்பு மட்டமாக இருக்கலாம், ஒயர் சரியாகச் சுற்றாமல் இருக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். எப்போதும் பின்பெஞ்சில் பேசாமல் இருக்கும் ஒரு பெண் எழுந்து, “ரெண்டு பல்பையும் இடம் மாத்திப் பாக்கலாம் மிஸ். பல்புல குறைன்னா அந்த பல்புதான் மங்கும். இடத்துல விஷயம்னா இப்பவும் முதல்ல இருக்கறதுதான் நல்லா எரியும்” என்றாள்.

மாற்றினோம். மங்கல் அந்தப் பல்போடேயே போனது.

ஒரு காரணியை மட்டும் மாற்றி, மற்றவற்றை அப்படியே வைத்துச் சோதிப்பது என்பதை அந்தப் பெண் எந்தப் புத்தகத்திலிருந்தும் எடுக்கவில்லை. சிமுலேஷன் மட்டும் இருந்திருந்தால் அந்தக் கேள்வி எழுந்திருக்காது, ஏனென்றால் அதில் இரண்டு பல்பும் அச்சு அசலாக ஒன்றே. டார்ச் பல்பு மட்டும் இருந்திருந்தால் தவறான நம்பிக்கை உறுதிப்பட்டிருக்கும். இரண்டும் அடுத்தடுத்து வந்து ஒன்றோடொன்று முரண்பட்டதால்தான் அவள் யோசிக்க வேண்டியிருந்தது. பிறகு மறுபடி சிமுலேஷனுக்குப் போய், ஒரு பல்பின் மின்தடையை மட்டும் மாற்றி, மேசையில் பார்த்ததைத் திரையிலும் வரவழைத்தோம். மின்கலத்தின் உள்தடையையும் ஒயரின் தடையையும் கூட்டிக் குறைக்கும் வசதியும் அதில் இருக்கிறது. தொடக்கத்தில் அவை இல்லை என்று வைத்துத்தான் சிமுலேஷன் ஓடுகிறது என்று காட்டியபோது, “அதான் அங்க எல்லாம் அவ்வளவு சுத்தமா வருது” என்றான் முந்தின நாள் சந்தேகப்பட்ட பையன்.

அறிவியல் எடுக்கும் எல்லோருக்கும் என் வேண்டுகோள்: சிமுலேஷனுக்காகப் பொருளைக் கைவிடாதீர்கள். நூறு ரூபாய்க்குள் வாங்க முடிகிற எதையும் மேசையில் செய்து காட்டுங்கள்.

கரண்ட் பில்லில் ஒரு படிக்கட்டு

கணக்கில் எனக்கு மிகவும் பிடித்த கருவி சாதாரண விரிதாள்தான். எங்கள் லேபில் அதற்கு லிப்ரே ஆபீஸ் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. ஒன்பதாம் வகுப்பில் வீட்டுக் கரண்ட் பில்லை எடுத்துவரச் சொன்னேன். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கு, முதல் 100 யூனிட் இலவசம் என்பதெல்லாம் பிள்ளைகளுக்கே தெரியும். 2022 செப்டம்பரில் வந்த கட்டண அட்டவணையைப் பலகையில் எழுதினேன். 500 யூனிட் வரை பயன்படுத்தினால் 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.25 ரூபாய், 201 முதல் 400 வரை 4.50, 401 முதல் 500 வரை 6 ரூபாய். 500ஐத் தாண்டினால் 101 முதல் 400 வரை எல்லாமே 4.50, அடுத்த நூறுக்கு 6, அதற்கடுத்த நூறுக்கு 8.

யூனிட்டைக் கொடுத்தால் பில் தொகை வரும்படி ஒரு சூத்திரம் எழுத வேண்டும், அப்புறம் வரைபடம் போட வேண்டும். எழுதத் தொடங்கும் முன் வரைபடம் எப்படி இருக்கும் என்று கையால் நோட்டில் வரையச் சொன்னேன். எல்லோரும் மெல்ல மெல்ல ஏறும் ஒரு கோட்டைப் போட்டார்கள். போகப்போகச் செங்குத்தாகும் என்றுகூடச் சிலர் சரியாக வரைந்திருந்தார்கள்.

‘இப்படி இருந்தால் இது, இல்லாவிட்டால் அது’ என்று நிபந்தனை போட்டுச் சூத்திரம் எழுதுவதிலேயே பாதி யோசனை அடங்கிவிடுகிறது. 200ஆவது யூனிட் எந்த விகிதத்தில்? சரியாக 100 என்றால் பில் எவ்வளவு? எல்லையில் நிற்கும் எண்களைச் சோதிக்காமல் விட்டால் தப்பாகும் என்பதை அவர்களே கண்டார்கள். கையால் போட்ட பில்லோடு சூத்திரம் ஒத்துப்போகிறதா என்று ஒவ்வொரு குழுவும் வேறொரு குழுவின் தாளைச் சோதித்தது.

வரைபடம் வந்தபோது 500 கிட்டே கோடு திடீரென்று மேலே தாவியது. சூத்திரத்தில் பிழை என்று எல்லாக் குழுவும் நினைத்தன. தேடித் தேடிப் பார்த்தும் பிழை இல்லை. 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய். 501 யூனிட்டுக்கு 1,958 ரூபாய். ஒரே ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய் கூடுகிறது. 500ஐத் தாண்டியதும் 101 முதல் 200 வரையிலான பழைய யூனிட்டுகளுக்கும் விகிதம் மாறிவிடுவதால் வருவது அது. இதைக் கண்டுபிடித்த குழு கத்தியதில் பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்த்தார். அதற்குப்பிறகு யூனிட் விகிதங்கள் மாறியிருக்கின்றன, அதனால் புதிய அட்டவணையைப் போட்டுச் செய்யுங்கள்.

அன்று மாலை பல வீடுகளில் மீட்டரைப் பார்த்திருக்கிறார்கள். ஒரு மாணவியின் அப்பா அடுத்த நாள் பள்ளி வாசலில், “டீச்சர், பொண்ணு ஃபேனை அணைச்சிட்டே சுத்துது” என்றார். எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது ஒரு பையனின் கேள்வி: “இந்தத் தாவல் இல்லாம, அதே அளவு வசூல் ஆகற மாதிரி வேற அட்டவணை போட முடியுமா மிஸ்?” எத்தனை வீடுகள் எத்தனை யூனிட் பயன்படுத்துகின்றன என்று தெரியாமல் சொல்ல முடியாதே என்று இன்னொருத்தி பதில் சொன்னாள். எந்தத் தகவல் இல்லாமல் ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது என்று கண்டுகொள்வதும் சிந்தனைதான்.

மவுஸ் யார் கையில்

ஒரு கணினிக்கு இரண்டு மூன்று பேர் உட்காரும்போது, துடுக்கான பிள்ளை மவுஸைப் பிடித்துக்கொள்ளும், மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். பெரும்பாலும் மவுஸ் பையன் கையில், நோட்டு பெண் கையில். இதை மாற்ற ஒரு விதி வைத்தேன். மவுஸ் வைத்திருப்பவர் தானாக எதுவும் செய்யக் கூடாது. பக்கத்தில் இருப்பவர் வாயால் சொல்வதை மட்டும்தான் செய்ய வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாற வேண்டும், முதல் முறை மவுஸ் பெண்கள் கையில். “அதைப் பிடிச்சு இப்படி இழு” என்று சொன்னால் எதைப் பிடிப்பது என்று புரியாது. “சி என்ற புள்ளியை ஏபிக்கு இணையா நகர்த்து” என்று சொல்ல வேண்டியிருக்கும். கணிதச் சொற்கள் வாயில் வர இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது. ஒரே ஒரு புரொஜெக்டர் இருக்கும் வகுப்பிலும் இது செல்லும்: நான் மவுஸ், வகுப்பு வாய்.

கருவி இல்லாமலே முடிகிற வேலைக்குக் கருவி வேண்டாம் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். 0.35 பெரிதா, 0.4 பெரிதா? இந்தக் கேள்விக்கு 35 பெரிய எண் என்று நினைத்து 0.35 என்று சொல்லும் பிள்ளைகள் ஒன்பதாம் வகுப்பிலும் உண்டு. யார் யார் என்று தெரிய, கண்ணை மூடிக்கொண்டு விரல் காட்டச் சொன்னாலே போதும். பிளிக்கர்ஸ் என்ற செயலியும் வைத்திருக்கிறேன். பிள்ளைகள் கையில் அச்சிட்ட அட்டை, ஆசிரியரின் போன் கேமரா எல்லா அட்டையையும் வாசித்துக்கொள்ளும். பிள்ளைகளுக்குப் போன் தேவையில்லை என்பதால் நம் பள்ளிகளுக்கு ஏற்றது. ஆனால் அட்டை தூக்குவதில் பயன் இல்லை, அதற்கடுத்து வருவதில்தான் இருக்கிறது. ஹார்வர்டில் இயற்பியல் நடத்தும் எரிக் மஸூர் பிரபலமாக்கிய முறை அது: சரியான விடையைச் சொல்லாமல், “பக்கத்துல வேற பதில் சொன்னவங்களைச் சம்மதிக்க வைங்க” என்று சில நிமிடம் விட்டு, மறுபடி வாக்கெடுப்பு. அதே நேரம், யார் முதலில் அழுத்தினார் என்பதற்குப் புள்ளி தரும் வினாடி வினாச் செயலிகளை நான் வகுப்பில் நுழைய விடுவதில்லை. மெதுவாக யோசிக்கிற பிள்ளையைத் தோற்றவராக ஆக்குவதைத் தவிர அவை வேறெதுவும் செய்து நான் பார்க்கவில்லை.

ஃபார்வர்டு வந்த படம்

தீபாவளிக்கு முந்தைய வாரம் பத்தாம் வகுப்பில் ஒரு பீரியட் இதற்கென்றே ஒதுக்குகிறேன். தீபாவளி இரவில் இந்தியா, நாசா எடுத்தது என்று வருடா வருடம் வாட்ஸப்பில் சுற்றும் அந்தப் பல வண்ணப் படம். பிள்ளைகள் பெரும்பாலும் பார்த்திருப்பார்கள். தேடுவதற்கு முன் ஒரு கேள்வி: இது உண்மையானால் வேறு என்னவெல்லாம் உண்மையாக இருக்க வேண்டும்? வாணம் சில நொடிதான் எரியும், நாடு முழுக்க ஒரே நேரத்தில் எப்படி எரிந்தது? பச்சை ஒரு பக்கம், சிவப்பு ஒரு பக்கம் என்று ஏன் பிரிந்திருக்கிறது? நாடு முழுக்க ஒரு மேகம்கூட இல்லையா? அப்புறம்தான் படத்தைக் கூகுளில் போட்டுத் தேடுகிறோம். பல ஆண்டுச் செயற்கைக்கோள் பதிவுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இரவு விளக்குகள் எந்தக் காலத்தில் எங்கே புதிதாக வந்தன என்று நிறம் கொடுத்துக் காட்டிய படம் அது. நீலம் 1992, பச்சை 1998, சிவப்பு 2003. தீபாவளி விளக்குகளின் கூடுதல் வெளிச்சம் விண்வெளியிலிருந்து பார்த்தால் தெரியாத அளவுக்குச் சிறியது என்று நாசாவே 2012இல் விளக்கம் தந்திருக்கிறது. தேடி உண்மை கண்டுபிடிப்பது இரண்டு நிமிட வேலை. அதற்கு முன் எழுப்பிய கேள்விகள்தான் அடுத்த ஃபார்வர்டுக்கும் உதவும்.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் வந்த பிறகு, வீட்டுப்பாடத்துக்கான விடை எல்லோருக்கும் கையில் கிடைக்கிறது. தடை போட்டுப் பயனில்லை. நான் அதன் விடையை அச்செடுத்து வகுப்புக்குக் கொண்டுபோகிறேன், பிள்ளைகள் ஆசிரியராக உட்கார்ந்து அதைத் திருத்துகிறார்கள். எந்த வரியில் காரணம் சொல்லாமல் தாவியிருக்கிறது? எந்த எடுகோளைச் சொல்லாமல் எடுத்துக்கொண்டிருக்கிறது? நடுப்புள்ளி நாற்கரத்துக்கு அது எழுதிய நிரூபணத்தில், அம்பு முனை நாற்கரத்துக்கும் இதே வரி பொருந்துமா என்று கேட்டு ஒரு குழு கேள்விக்குறி போட்டது. இழுத்துப் பார்த்த பிள்ளைகள் என்பதால்தான் அந்தக் கேள்வி அவர்களுக்கு வந்தது. முழு மதிப்பெண் கொடுக்க மாட்டோம் என்று அடம்பிடித்தார்கள்.

போர்ஷன் முடியுமா என்பதுதான் எல்லோரும் கேட்பது. எல்லாப் பாடத்தையும் இப்படி எடுத்தால் முடியாது. வருடா வருடம் பிள்ளைகள் ஒரே இடத்தில் ஒரே மாதிரி தவறு செய்யும் பாடங்கள் ஒவ்வோர் ஆசிரியருக்கும் தெரியும்; அவற்றுக்கு மட்டும் இதை வைத்துக்கொள்கிறேன். மற்றவை பலகையும் சாக்பீஸும்தான். புதிதாகத் தொடங்குகிறவர்கள் ஒரு பாடத்தைத் தேர்ந்தெடுத்து, பிள்ளைகள் அதில் சொல்லும் தவறான பதில்களை முதலில் பட்டியலிடுங்கள். அந்தத் தவறு திரையில் பிள்ளையின் கண் முன்னால் உடைகிற மாதிரி ஒரு கேள்வியைத் தயார் செய்யுங்கள். கோப்புகளை முந்தின நாளே பென் டிரைவில் ஏற்றி, வகுப்பில் இருக்கும் அதே கணினியில் ஓட்டிப் பார்த்துவிடுங்கள். கரண்ட் போனால் என்ன செய்வது என்பதற்கும் ஒரு வழி வைத்திருங்கள். என் பையில் எப்போதும் இரண்டு டார்ச் பல்பும் ஒரு செல்லும் இருக்கும்.